அணைக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லாத பாட்டு

சென்ற கிழமை வன்னியின் பள்ளுப் பாடல்களைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "பன்றியையும் குருவியையும் பாடியது அந்தக் காலம். காடும் ஆறும் அழிந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அவற்றைப் பாடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அந்தப் பாட்டு இலக்கியமாகுமா, வெறும் பிரசாரமாகுமா?" என்பது அவருடைய கேள்வி. பதிலை எங்கள் மண்ணிலிருந்து தொடங்காமல் டில்லியிலிருந்து தொடங்கப் போகிறேன். இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு தெளிவான விடையைத் தந்தது அங்கிருந்து வந்த ஓர் இசைத்தொகுப்பு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'கண்டிசா'. அதைத் தந்த இசைக்குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'இந்தியன் ஓஷன்'. எங்கள் தீவைச் சுற்றிக் கிடக்கிறதே, அந்த இந்து சமுத்திரத்தின் பெயர்தான்.

இந்தக் குழுவின் இசையை 'நாட்டார் றொக்' என்று சொல்வார்கள். ஊர்ப் பாட்டின் மெட்டையும் சொல்லையும் எடுத்து, கிற்றார், பேஸ் கிற்றார், ட்றம்ஸ் முதலிய மேலைத்தேய வாத்தியங்களோடு இணைத்துப் பாடுவது என்று இதைச் சுருக்கமாக விளக்கலாம். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே இந்தப் பெயர் பரவியது. 1965இல் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் பொப் டிலன் மின்கிற்றாரோடு மேடையேறியபோது சபையில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டது பலரும் அறிந்த கதை. நாட்டார் பாடலை மாசுபடக் கூடாத பொருளாகக் கண்டவர்களின் கோபம் அது. எங்கள் மேடைக்கு ஆர்மோனியம் வந்தபோதும் யாராவது முகம் சுளித்திருப்பார்கள். இன்று ஆர்மோனியம் இல்லாத இசைநாடகத்தை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

இந்தியன் ஓஷன் குழு 1990இல் டில்லியில் உருவானது. கிற்றார் வாசித்த சுஸ்மித் சென், தபேலா வாசித்துக்கொண்டே பாடிய அசீம் சக்கரவர்த்தி ஆகிய இருவரும் அதன் தொடக்கக்காரர்கள். பின்னர் பேஸ் கிற்றாருக்கு ராகுல் ராமும், ட்றம்ஸுக்கு அமித் கிலமும் வந்து சேர்ந்தார்கள். அமித் கிலம் ட்றம்ஸோடு நிற்கவில்லை. வங்காளத்துப் பவுல் பாடகர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நரம்பை இழுத்து வாசிக்கும் 'கப்குபி' என்ற வாத்தியத்தையும் மேடைக்குக் கொண்டு வந்தார். குழுவின் முதல் தொகுப்பு 1993இல் வந்தது. 1997இல் வந்த அடுத்த தொகுப்பு, மேடை நிகழ்ச்சி ஒன்றிலேயே பதிவு செய்யப்பட்டது. மூன்றாவதுதான் 'கண்டிசா'.

இவர்களில் எங்கள் கதைக்கு முக்கியமானவர் ராகுல் ராம். அவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சூழல் நச்சியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். மண்ணிலும் நீரிலும் நஞ்சு எப்படிச் சேர்கிறது என்பதைப் படித்த மனிதர். நாடு திரும்பியபின் ஆய்வுகூடத்துக்குள் போகாமல், 1990களின் முற்பகுதியில் நர்மதா பாதுகாப்பு இயக்கத்தோடு சேர்ந்து நதிக்கரைக் கிராமங்களில் வேலை செய்தார். அந்தக் கரையில் அவர் கேட்டுக் கற்றுக்கொண்ட பாட்டுத்தான் கண்டிசாத் தொகுப்பில் 'மா ரேவா' என்ற பெயரில் இடம்பெற்றது.

தொகுப்பில் ஏழு உருப்படிகள் இருக்கின்றன. தலைப்புப் பாடலான 'கண்டிசா' கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல். இயேசுநாதர் பேசிய அரமேய மொழியின் வழிவந்தது. 'ஹில்லே லே' என்பது 1989இல் மறைந்த கோரக் பாண்டேயின் புரட்சிப் பாட்டு. ஒரு தேவாலயப் பாட்டு, ஒரு போராட்டப் பாட்டு, ஒரு நதிப் பாட்டு என்று பக்கம் பக்கமாக இருக்கும்போது எதை எதிலிருந்து பிரிப்பது என்று கேட்பவர் குழம்பிப் போவார். எனக்கு அந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. சூழல் என்று ஒரு பெட்டி, பக்தி என்று ஒரு பெட்டி, அரசியல் என்று ஒரு பெட்டி வைத்துக்கொண்டிருப்பவர்கள் பாடத்திட்டம் வகுக்கிறவர்கள்தாம். ஊர்ப் பாட்டுக்கு அந்தப் பெட்டிகள் தெரியாது.

ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். துள்ளிப் பாய்கிறவள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மத்திய பிரதேசத்தில் அமர்கண்டக் என்னும் மலையில் பிறந்து, ஏறத்தாழ 1,312 கிலோமீற்றர் மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தின் பரூச் நகரைக் கடந்து காம்பே வளைகுடாவில் கலக்கிறாள். கங்கையில் மூழ்கினால்தான் புண்ணியம், நர்மதையைக் கண்டாலே போதும் என்பது அந்தக் கரையாரின் நம்பிக்கை. நதியை வலம் வரும் 'பரிக்கிரமா' என்ற யாத்திரையும் உண்டு. ஒரு கரையால் முகத்துவாரம் வரை நடந்து, மறுகரையால் ஊற்று வரை திரும்ப வேண்டும். இடையில் எந்த இடத்திலும் ஆற்றைக் குறுக்கே கடக்கக் கூடாது. மரபுப்படி இதற்கு மூன்று வருடம், மூன்று மாதம், பதின்மூன்று நாள். நாங்கள் கோயிலை வலம் வருகிறோம். அவர்கள் ஓர் ஆறு முழுவதையும் வலம் வருகிறார்கள்.

அந்த ஆற்றின் குறுக்கேதான் சர்தார் சரோவர் அணை எழுந்தது. 1961இல் நேரு அடிக்கல் நாட்டினார். மாநிலங்களுக்கிடையிலான தண்ணீர் வழக்கு 1979இல் முடிந்தபின் வேலை வேகம் பிடித்தது. 1985இல் உலக வங்கி 45 கோடி டொலர் கடன் தர ஒப்புக்கொண்டது. மூன்று மாநிலங்களில் 245 கிராமங்கள் நீரால் பாதிக்கப்படும் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. மேதா பட்கர் முதலானோர் அந்தக் கிராமங்களைத் திரட்டினார்கள். உலக வங்கி நியமித்த சுயாதீனக் குழு 1992இல் திட்டத்தின் குறைகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்ட, அடுத்த வருடம் மிகுதிக் கடன் வேண்டாமென்று இந்திய அரசே விலகிக்கொண்டது. 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தி வைத்தது. 2000 ஒக்டோபர் 18ஆம் திகதி, அணையைப் படிப்படியாக உயர்த்தலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மா ரேவா பாட்டு இறுவட்டாகவும் ஒலிநாடாவாகவும் கடைகளுக்கு வந்த அதே வருடம்! அணை 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது; 2019 செப்ரெம்பரில் நீர் முதல்முறையாக முழு மட்டமான 138.68 மீற்றரைத் தொட்டது. இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த நீர்த்தேக்கத்துக்குள் யாத்திரிகர்களின் பழைய நடைபாதையும் போய்விட்டது. மகாராஷ்டிரக் கரையில் மணிபேலி என்ற கிராமத்திலிருந்த சூல்பாணேஸ்வரர் கோயில் 1990களிலேயே மூழ்கிவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பாட்டுக்கு வருகிறேன். பாட்டிலே இவற்றில் ஒன்றும் இல்லை. அணை இல்லை, அரசாங்கம் இல்லை, உலக வங்கி இல்லை, கோபம்கூட இல்லை. நதியைத் தாயென்று விளித்து, அவளுடைய நீரின் தெளிவையும் ஓட்டத்தின் ஓசையையும் புகழ்ந்து, பிறந்த மலையின் பெயரைச் சொல்லி, மக்களுக்கு அவள் செய்த உபகாரத்தை நினைத்துக்கொள்ளும் ஒரு துதி அது. கோயில் வாசலிலே எந்தக் கிழவியும் பாடக்கூடியது. அணையின் பேச்சு எழுவதற்கு முன்பும் அதை அப்படியே பாடியிருக்கலாம். எதிர்ப்பு என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆனால் 1990களில் அந்தக் கரையில் நின்று அதைப் பாடியவர்களின் நிலை வேறு. தெளிந்த நீர் என்று அவர்கள் பாடும்போது அந்த நீர் தேங்கிக் கலங்கப் போவது அவர்களுக்குத் தெரியும். ஓடுகிறாள் என்று பாடும்போது அவள் ஓடாமல் நிற்கப் போவதும் தெரியும். ஒரு சொல்லும் மாறவில்லை. பாட்டின் பொருள் முழுவதும் மாறிவிட்டது. துதியே முறைப்பாடாகிவிட்டது. இந்தியன் ஓஷன் குழுவினரின் கெட்டித்தனம் என்று நான் கருதுவது, இதை அவர்கள் புரிந்துகொண்டு பாட்டைத் தொடாமல் விட்டதுதான். அணையைப் பற்றி இரண்டு அடி சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. சேர்த்திருந்தால் பாட்டு அந்த வருடத்துச் செய்தித்தாளோடு பழையதாகியிருக்கும். அவர்கள் சேர்த்தது தாளத்தையும் கனத்தையும் மட்டுமே. பேஸ் கிற்றார் அடியில் நகர்ந்துகொண்டிருக்க, மேலே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும்போது, ஆள் குறைந்துபோன ஒரு பஜனைக்கு ஊரெல்லாம் திரும்பி வந்தது போலிருக்கிறது.

இது என்னுடைய ரசனையின் மிகைப்படுத்தலோ என்று எனக்கே ஐயம் இருந்தது. ஆகவே ஸ்கந்தபுரத்தில் எனக்குப் பழக்கமான வயோதிபக் கமக்காரர் ஒருவருக்குக் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது. கிற்றாரின் பெயரும் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கோயில் பாட்டோ தம்பி?" என்றார்.

"ஆத்துப் பாட்டு அப்பு. ஆத்தைத் தாயெண்டு கும்பிடுகினம்."

"நல்லது. அந்த ஆறு இப்ப எப்படி இருக்குது?"

நான் ஒன்றும் சொல்லாமலே அவர் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார். பாட்டின் வேலை அதுதான் என்று அப்போது நினைத்தேன். அணையின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "கும்பிட்ட தெய்வமே வீட்டுக்குள்ள ஏறி வந்திட்டா எங்க போறது?" என்றார்.

எங்கே போவது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நர்மதைக் கரையில் மணிபேலி மூழ்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் நாங்களும் மூட்டை முடிச்சுகளோடு அலைந்துகொண்டிருந்தோம். 1996இல் கிளிநொச்சி நகரை விட்டு வந்த சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று மரநிழல் கண்ட இடமெல்லாம் கொட்டில் போட்டது. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். சுழற்றுகிற கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். இந்த இலக்கியத் தொடரை இன்று மெத்தையில் சாய்ந்துகொண்டு கேட்கிற இளம் நேயர்கள் அதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டு இடப்பெயர்வையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கூரை இல்லை, பலருக்கு வீட்டு ஆட்களும் இல்லை. குளம் இருந்தது. அலைகரையில் நின்ற மருது இருந்தது. எந்த வரம்பு யாருடையது என்று தகராறுபட்டாவது கண்டுபிடிக்க முடிந்தது. நர்மதைக்காரருக்குத் திரும்பி வர ஓர் இடம் மீதமில்லை. மாற்றுக் காணி பெற்றவர்களும் நதியில்லாத சமவெளியிலே, தகரக் கொட்டகைகளிலே இருத்தப்பட்டார்கள். நதியைப் பாடும் பாட்டை நதியில்லாத ஊரில் என்ன செய்வது? டில்லியின் மேடையிலும் கல்லூரி விழாக்களிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மா ரேவாவைக் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் நர்மதையைக் கண்டிருக்க மாட்டார்கள். பாட்டுக்கு அது வாழ்வா, வேறொன்றா என்பதில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நாங்கள் அணைக்கட்டின் பிள்ளைகள். 1902இல் தொடங்கி 1920இல் முடித்த இரணைமடு இல்லாவிட்டால் கிளிநொச்சி என்று ஒரு ஊரே இன்றைய வடிவில் இருந்திராது. கனகராயன் ஆற்றை மறித்துத்தான் எங்கள் சோறு விளைகிறது. குஜராத்தின் வறண்ட ஊர்களுக்கு நர்மதை நீர் போனபோது அங்குள்ள கமக்காரனும் எங்களைப் போலவே மகிழ்ந்திருப்பான். ஆகவே அணை என்றாலே பாவம் என்று பேசுகிற நகரத்துப் படிப்பாளிகளோடு என்னால் சேர முடியாது. மறிப்பதற்கு முன் யாரிடம் கேட்டார்கள், நீர் யாருக்குப் போனது, வெள்ளம் யார் வீட்டில் ஏறியது என்பவையே கேள்விகள். 2010களில் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் எழுந்தபோது எங்கள் விவசாயிகள் கேட்டதும் அவற்றையே. கூட்டங்கள் நடந்தன, மகஜர்கள் போயின, பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு பாட்டு மட்டும் பிறந்ததாக என் காதுக்கு எட்டவில்லை. அத்தனை பேச்சு எழுந்த ஒரு விடயத்தில் எங்கள் கவிஞர்களின் மௌனம் எனக்கு விளங்காத ஒன்று.

பாட்டால் ஒரு காரியமும் ஆகாது என்பார்கள். அமெரிக்காவில் பீற் சீகர் என்ற நாட்டார் பாடகர் கழிவால் நாறிக்கொண்டிருந்த ஹட்சன் நதியைக் காப்பாற்றவென்று ஒரு பாய்க்கப்பலைக் கட்டி 1969இல் வெள்ளோட்டம் விட்டார். கரையோர ஊர்கள்தோறும் கப்பலை நிறுத்திப் பாடினார். 1972இல் அந்த நாட்டில் தூய நீர்ச் சட்டம் வந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் ஊர் ஆற்றை வந்து பார்க்கும்படி சனத்தைக் கரைக்கு அழைத்தது அந்தக் கப்பல். ஒஸ்திரேலியாவில் 1987இல் ஆதிக்குடிகளின் நிலத்தைப் பற்றி ஒரு முழுத் தொகுப்பையே பாடிய 'மிட்நைற் ஒயில்' குழுவின் பாடகர் பீற்றர் கரெற், 2007இல் சுற்றாடல் அமைச்சராகவே வந்துவிட்டார். அமைச்சரானபின் பழைய பாட்டுகளையே அவருக்கு எதிராகப் பாடிக் காட்டியவர்களும் இருந்திருப்பார்கள்!

தமிழில் இப்படி ஒன்று இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, வழி வேறு. 2017 ஜனவரியில் 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி. எம். கிருஷ்ணா. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து, நீர் ஓடும் இடங்களைக் கட்டடங்கள் விழுங்கிக்கொண்டிருந்ததைப் பற்றிய பாட்டு. புறம்போக்கு என்பது வரிக் கணக்குக்குப் புறம்பாக, எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட நிலம்: குளம், மேய்ச்சல் தரை, ஆற்றங்கரை. தனியொருவருக்கு உடைமையில்லாத நிலம் பயனற்றது என்று ஆனபோது அந்தச் சொல்லே வசவாகிவிட்டது. அந்த வசவை எடுத்து, ஆம், நானும் அதுதான் என்று பெருமையோடு சொல்ல வைக்கிறது பாட்டு. சென்னைத் தெருவின் பேச்சுத் தமிழை ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி என்று ஆறு இராகங்களிலே மாலையாக்கியிருக்கிறார்கள். சபைகளிலே மட்டும் கேட்ட இராகங்கள் சாம்பல் மேட்டில் கேட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரம் மூழ்கி ஒரு வருடமே ஆகியிருந்ததால் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு சொல்லைச் சேற்றிலிருந்து தூக்கிக் கழுவி வைத்திருக்கிறார்கள். கவிஞன் செய்யக்கூடிய காரியங்களில் அது பெரியது. ஆனால் அது வாதாடும் பாட்டு. வழக்கைத் தெரிந்துகொண்டால்தான் முழுமையாகச் சுவைக்கும். மா ரேவா வழக்கைச் சொல்வதில்லை. எங்கள் கமக்காரரைப் போல வழக்குத் தெரியாதவரும் போய்க் கேட்கும்படி செய்கிறது. இரண்டும் தேவை. எனக்கு நெருக்கமானது இரண்டாவது.

2021இல் அறிவும் தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெங்கும் ஓடியதை நேயர்கள் அறிவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து பின்னர் தமிழகம் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அதை எடுத்தார். ஒப்பாரியும் ஆட்டமும் கலந்த பாட்டு. 1977, 1983 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி மாவட்டத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு அதில் சொல்லப்பட்ட கதை வேறொருவர் கதையல்ல. ஆனால் அது ஒரு தனிப் பேச்சுக்குரியது, இங்கே நிறுத்துகிறேன்.

இந்தியன் ஓஷன் குழுவும் அதே ஆட்களோடு இல்லை. அசீம் சக்கரவர்த்தி 2009 டிசம்பரில் காலமானார். சுஸ்மித் சென் 2013இல் விலகினார். புதியவர்களோடு தொடர்ந்த குழு 2023இல் 'தூ ஹை' என்ற தொகுப்பை வெளியிட்டது. நீயே இருக்கிறாய் என்று தமிழில் சொல்லலாம். இம்முறை இயற்கையும் அதற்கு மனிதர் செய்வதும் தொகுப்பின் நடுப்பொருளாகவே வந்திருக்கின்றன. நதிக்கரையில் கேட்டுக் கொண்டுவந்த பாட்டுக்கும், சூழலைப் பாடுவோம் என்று எண்ணிச் செய்த பாட்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும்படி இளம் நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிக் கடிதம் எழுதிய நேயரின் கேள்விக்கு வருவோம். இலக்கியமா, பிரசாரமா? மெற்றாஸ்மயில் தொகுத்த 'வன்னிவள நாட்டுப் பாடல்கள்' போன்ற நூல்களைத் திறந்து பாருங்கள். பயிரை மேய வரும் பன்றிகளைப் பாடும் பண்டிப் பள்ளு, கதிரைக் கொத்த வரும் குருவிகளைப் பாடும் குருவிப் பள்ளு, யானையை அடக்கிய அரியாத்தையின் கதையோடு வரும் வேலப்பணிக்கன் ஒப்பாரி. இவற்றைக் கட்டியவர்கள் சூழல் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். பன்றி அவர்களுக்கு எதிரி, ஆனால் பாத்திரம். அதற்கு இனசனம் உண்டு, பெயர் உண்டு, பள்ளிலே இடமும் உண்டு. இன்று எங்கள் வயல்களில் பன்றிக்கு மின்கம்பி கட்டுகிறோம், வெடி வைக்கிறோம். அது எதிரியாக மட்டும் மிஞ்சிவிட்டது. பன்றியின் தொகை எவ்வளவு என்பதைத் திணைக்களம் எண்ணிச் சொல்லலாம். அதற்கும் எங்களுக்கும் ஒருகாலத்தில் இருந்த பேச்சுவார்த்தையைப் பள்ளு ஒன்றுதான் சொல்லும். அது இலக்கியமில்லை என்றால் எது இலக்கியம்?

கண்டிசாத் தொகுப்பிலிருந்து எங்கள் இளைஞர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது கிற்றாரை அல்ல. ராகுல் ராம் முதலில் கரைக்குப் போனார், இருந்தார், கேட்டார். எங்களிடமும் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மெல்லக் குறைந்து வருகிறார்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவு வெட்டுச் சிந்துக்கு வயலில் வேலையில்லை. இயந்திரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காலபோக அறுவடையில் மழை இருட்டிக்கொண்டு வரும்போது அரிவாளோடு ஆள் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தச் சிந்தின் தாளம் தாள் பிடிக்கும் கைக்கும் அரிவாள் இழுக்கும் கைக்கும் இடையில் இருக்கிறது. புத்தகத்தில் சொற்களே இருக்கின்றன.

மா ரேவாவைக் கேட்ட அந்தக் கமக்காரரிடம் ஒரு சிந்து பாடச் சொன்னேன். கதிரையில் இருந்தபடி தொடங்கினார், வரவில்லை. "இருந்துகொண்டு பாடினா வராது தம்பி" என்று எழுந்து, முற்றத்திலே குனிந்து, இடக்கையால் இல்லாத தாளைக் கூட்டிப் பிடித்தார். பிறகு வந்தது. இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தினார். அடுத்த அடியைப் பின்னால் நிற்கிறவர்கள் எடுக்க வேண்டுமாம். நான் ஒருவன்தான் நின்றேன். எனக்கு அந்த அடி தெரியாது. அவரே திரும்பிப் பின்வரிசையாகவும் நின்று பாடி முடித்தார். ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதன் சந்தத்தைப் பற்றியும், முன்வரிசையும் பின்வரிசையும் அடிகளைப் பங்கிடும் முறையைப் பற்றியும் அடுத்த கிழமை சொல்கிறேன்.